கரண்ட் போனால் பேசுகிறவர்கள்

எங்கள் லைனில் கரண்ட் போனால்தான் கலாமணியின் தலைக்குள் குடியிருந்தவர்கள் பேசுவது வெளியே கேட்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் தறிகள் ஓடும், முப்பத்திரண்டு விசைத்தறியும் ஒன்றாக ஓடுகிற சத்தத்தில் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும், அதனால் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள் எல்லாரும் ஆறே மாதத்தில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கப் பழகிவிடுவோம், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது நடை பழகும் முன்பே வந்துவிடும். ரகசியம் பேச வேண்டுமென்றால் நாங்கள் குரலைத் தாழ்த்துவதில்லை, வாயைக் கையால் மூடிக்கொள்வோம்.

என் பேர் நல்லம்மாள். பத்து வீடுகள் தறிப்பட்டறைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கிற லைனில் என்னுடையது நாலாவது, கலாமணியுடையது ஐந்தாவது, நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் சென்னியப்பன் பட்டறையில் நாலு தறி ஓட்டினான், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். மூத்தவள் சங்கவிக்கு அப்போது பதினொரு வயசு, இளையவன் குகனுக்கு ஆறு. கலாமணி வீட்டு வாசற்படியைத் தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாரோ சொல்வதைக் கேட்பவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். பைத்தியம் என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அந்த வருஷம்தான் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்டை நிறுத்தி மூன்று மணிக்கு விட ஆரம்பித்தார்கள். முதல் நாள் முப்பத்திரண்டு தறியும் ஒரே நொடியில் நின்றபோது எங்களுக்குக் காதே போய்விட்டதுபோல இருந்தது, கைக்குழந்தைகள் எல்லாம் தூக்கம் கலைந்து அலறின, அலறல் அடங்கியபோது ஐந்தாம் வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சொந்தக்காரர் யாரோ ஒறம்பரை வந்திருக்கிறார்கள் போல என்று நான் எட்டிப் பார்த்தேன். கலாமணி வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், வீடு முழுக்க மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் வயசாளி, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமுவார், எதற்கெடுத்தாலும் விஷம், சதி, ஆள் வருகிறான் என்பார். இன்னொருத்தி பெண், வெல்லப்பாகு மாதிரிப் பேசுவாள், சாமி, தங்கம், கண்ணு என்று கொஞ்சிக் கொஞ்சியே கேட்பவர்களின் அடிவயிற்றில் கத்தியை இறக்குவாள். மூன்றாவது ஆள் ஆணா பெண்ணா தெரியாது, மற்ற இரண்டு பேரும் சொல்வதற்கெல்லாம் ம், ம் என்று பெருமூச்சு விடுவதோடு சரி. இருமல்காரர், நல்லபேச்சுக்காரி, ம் போடுகிறவர் என்று ஒரு வாரத்துக்குள் நாங்கள் பேர் வைத்துவிட்டோம். பயப்படவில்லையா என்று கேட்டால், மூன்று நாள் பயந்தோம். ஆற்றில் ஒருநாள் சிவப்பும் மறுநாள் பச்சையுமாகச் சாயத்தண்ணி போவதைப் பார்த்துப் பல் விளக்கப் பழகிய எங்களுக்கு நாலாவது நாள் இதுவும் பழகிவிட்டது.

பழகியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எட்டாம் வீட்டுப் பாவாத்தாளுக்கு மூக்குத்தி காணாமல் போயிருந்தது, அவள் விளையாட்டாக வாசலில் நின்று கேட்டாள், நல்லபேச்சுக்காரி உடனே, அரிசி டின்னுக்கு அடியில பாரு கண்ணு என்றாள், அங்கேதான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே செய்தி அடுத்த லைனுக்குப் போனது, அடுத்த வாரம் ஆற்றுக்கு அக்கரைக்குப் போனது, அதற்கடுத்த வாரம் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழமும் மஞ்சளும் வேப்பிலையும் ஐந்தாம் வீட்டு வாசலில் குவிந்தன, பட்டறை முதலாளி தன் செலவில் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார், பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கூட்டம் பந்தலுக்குள் வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வீட்டை விட்டு ஓடிய மகன், கர்ப்பம் நிற்காத மருமகள், ஒத்துவராத சம்பந்தம் என்று மூன்று மணி வரை கேள்வி ஓயாது, மூன்று பேரும் சளைக்காமல் பதில் சொன்னார்கள். பதில் சொல்லச் சொல்லக் கலாமணியின் நெற்றி நரம்பு புடைக்கும், இரண்டு காதையும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். அருள் இறங்குது என்று சொன்னோம்.

நானும் கேட்டேன். என் மகள் சுகந்தி பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் எவனோடோ போய்விட்டாள், இரண்டு வருஷமாக உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. நல்லபேச்சுக்காரி என்னிடம் சொன்னாள், சுகந்தி நல்லா இருக்கறா அக்கா, ஆம்பளப் புள்ள பொறந்திருக்குது, தீபாவளிக்கு உன்ற வாசல்ல வந்து நிப்பா. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மறுநாள் ஆள் பிடித்து வாசலுக்கு வெள்ளை அடித்தேன்.

இதற்கு நடுவில் சென்னியப்பன் தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், பொண்டாட்டியின் நிலைமையைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்திருந்தான், சோற்றில் பிசைந்து கொடுத்தும் வந்தான், மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கின. பந்தலில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த அம்மனுக்கு ஊசியும் மாத்திரையும் போட்டு விரட்டுவாயா என்று ஆளாளுக்கு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பைத்தியக்காரி புருஷன் என்று மூன்று வருஷம் கூப்பிட்ட வாயால் ஊரே அவனை இப்போது அண்ணா என்று கூப்பிட்டது, அந்த ஒரு சொல்லுக்கு அவன் மயங்கினான், மாத்திரைப் பொட்டலத்தைத் தறிக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டான். கொஞ்ச நாளைக்கு நிறுத்தித்தான் பாரேன் சாமி என்று அவனிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. தீபாவளி வரைக்கும் அந்தக் குரல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பந்தலுக்கு வந்தவர்கள் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தல் நிறைந்திருந்தபோது, யாரும் கேட்காமலேயே நல்லபேச்சுக்காரி சங்கவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். எட்டு வயசுல இந்தத் தங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா, என்றாள் அவள், தலைக்கு எண்ணெய் வெக்க அம்மா கூப்பிட்டதுக்கு, நீ செத்துப் போன்னு சொல்லுச்சு, மறுநாள்ல இருந்துதான் கலாமணிக்கு இப்படி ஆச்சு, கண்ணு வாயில இருந்து வந்த சொல்லு பலிச்சுப் போச்சு. இருமல்காரர் ஆமாம் என்று இருமினார். மூன்றாவது ஆள் ம் போட்டார். நூறு பேர் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தோம். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சிந்தின தண்ணீரைத் துடைத்தாள்.

அவள் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தாள் என்பதை ரொம்ப நாள் கழித்து அவளே என்னிடம் சொன்னாள். மூன்று வருஷமாக அந்தச் சொல்லை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அம்மா சரியாகிவிட வேண்டும் என்று அவள் செய்யாதது இல்லை, வாசற்படியில் இடது காலை வைக்கமாட்டாள், பள்ளிக்கூடத்தில் யாரோடும் சண்டை போடமாட்டாள், பசிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் தங்கள் கைக்குழந்தையை அவள் பார்வை படாமல் முந்தானையால் மூட ஆரம்பித்தார்கள்.

அவளைத் தூக்கி நிறுத்தியது ஒரு சாக்பீஸ் கோடு. எங்கள் பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது இறங்குகிற ஆள் நெய்த துணியின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் இறங்குவான். பாவில், தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலில், ஒரு இழை அறுந்தால் துணியில் நீளமாக ஒரு தடம் விழும், அது கண்ணில் படும்போது எவன் தறியில் நிற்கிறானோ அவன்தான் திட்டு வாங்குவான், அதனால் துணியைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே போய்த் தடம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள், கோட்டுக்கு முன்னால் தொடங்கியிருந்தால் அது முந்தின ஷிஃப்ட்காரன் காலத்தில் அறுந்த இழை, நிற்கிறவன் பேரில் தப்பில்லை. அப்பனுக்குச் சோறு கொண்டுபோன ஒருநாள் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூறு நாள் பார்த்ததுதான், அன்றைக்குத்தான் கண்ணில் தைத்தது. நீ செத்துப் போ என்று தான் சொன்ன நாளில் மனசுக்குள் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் போய்த் தேடினாள். அந்த வாரத்துக்கும் முந்தின மாரியம்மன் பண்டிகையின்போதே அம்மா ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிவிட்டாள். அதற்கும் முன்னால், குகன் தொட்டிலில் கிடந்தபோதே, சோற்றுச் சட்டியை மோந்து மோந்து பார்த்துக் கொட்டியிருக்கிறாள். அதற்கும் முன்னால், அவளுக்கு நினைவு தெரிய ஆரம்பித்த நாளிலேயே, அப்பா எதையோ மறைத்து மறைத்து அழுதிருக்கிறார். இழை அறுந்தது அவள் ஷிஃப்டில் இல்லை. அதைக் கண்டுபிடித்த அன்றைக்குத் தறிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுததாகச் சொன்னாள், தறி ஓடினதால் யாருக்கும் கேட்கவில்லை.

தன்னைத் தானே தூக்கிக்கொண்டாள், சரி. ஆனால் சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டு மத்தியானச் சத்துணவும் நின்றபிறகு குகன் வீட்டில் இருந்தான், பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் இருமல்காரர் பேசுவதைத் தினமும் கேட்டான். சோத்துல விஷம் இருக்குதுடா சாமி என்றார் அவர். குகன் சோற்றைத் தொடுவதை நிறுத்தினான். தோல் உரிக்காத வாழைப்பழம், ஓடு உடையாத அவித்த முட்டை என்று மூடியிருக்கிறதை மட்டும் தின்றான், பழத்துக்குள்ளயும் ஊசியில ஏத்திப்புட்டாங்க என்று அவர் சொன்னபிறகு அதையும் விட்டான். சங்கவி அவன் கண்ணெதிரிலேயே முதல் கவளத்தை எடுத்துத் தின்று காட்டினாள், அது மெதுவா வேலை செய்யற விஷம் அக்கா, உனக்கு நாளைக்குத்தான் தெரியும், என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் அவள் மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, முழங்கால் மட்டும் பெரிசாகி, பைப்புத் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துக்கொண்டு அவன் வெறும் பாவு உருளை மேல் உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்த்தேன். பையன் இளைச்சுட்டானே என்று ஒருதரம் சொன்னேன். சொன்னதோடு சரி. பந்தலில் இடம் பிடிக்கப் போய்விட்டேன்.

சென்னியப்பன் மகனை மடியில் போட்டு வாயைத் திறந்து கஞ்சி ஊற்றிப் பார்த்தான், பையன் அத்தனையையும் துப்பிவிட்டு, நீயும் அவங்க ஆளாப்பா என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனும் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

சங்கவிக்கு வழி கிடைத்தது ஒரு வேப்பமரத்தால். வெளியூர்க்காரர் ஒருவர் தன் மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கேட்டதற்கு, நல்லபேச்சுக்காரி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சொல்லி, வாசல்லயே பெரிய வேப்பமரம், நல்ல நெழலு என்றாள். பந்தலில் எல்லாரும் தலையாட்டினோம். சங்கவி தலையாட்டவில்லை. அந்த மரத்தை வெட்டி எட்டு மாசம் ஆகியிருந்தது, அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி. அம்மா தன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தாள். பாவாத்தாள் எதையும் அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைக்கிறவள் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும், இரண்டு பேரும் ஒரு காலத்தில் சிநேகம். தான் சொன்ன சொல் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவிடம்தானே சொன்னாள். அம்மா வாசற்படி தாண்டாத இந்த மூன்று வருஷத்தில் நடந்த ஒன்றைக்கூட அந்த மூன்று பேரும் சரியாகச் சொன்னதில்லை.

அதே வாரத்தில் குகனுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. யாருக்கும் தெரியாது, அக்காவிடம் மட்டும் காட்டினான். சங்கவி அதைக் கழுவி, பாண்ட்ஸ் பவுடர் டப்பா மூடிக்குள் பஞ்சு வைத்து அதில் படுக்க வைத்து, இன்னொரு மூடியால் மூடி நூலால் கட்டினாள். அன்றைக்கு மத்தியானம் பந்தல் நிறைந்து, தறி நின்று, முதலாளியின் மச்சினர் தன் கேள்விக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் காலையும் தாண்டி முன்னால் வந்தாள்.

"என்ற தம்பி ஒண்ணு கேக்கோணுமாம்," என்றாள்.

குகன் டப்பாவை நீட்டினான். "இதுக்குள்ள என்ன இருக்குதுங்க?"

இருமல்காரர் இருமினார். விஷம், என்றார், வெள்ளை விஷம், தெறந்தா செத்துப் போவ. நல்லபேச்சுக்காரி, அது பாம்பு முட்டை கண்ணு, உன்ற அக்காதான் வெச்சா, தூக்கி எறிஞ்சுரு சாமி, என்றாள். ம் என்றார் மூன்றாவது ஆள்.

குகன் நூலை அவிழ்த்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் நிஜமாகவே பின்னால் நகர்ந்தோம். அவன் பல்லை இரண்டு விரலில் எடுத்து, வாயைத் திறந்து, ஓட்டையில் வைத்துக் காட்டினான், அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அம்மாவைப் பார்த்தான். கலாமணி காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள், அவன் முகத்தை அவள் கடைசியாக எப்போது ஏறெடுத்துப் பார்த்தாள் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

"அம்மாவுக்குத் தெரியாதது அவங்களுக்கும் தெரியாதுடா," என்றாள் சங்கவி. தம்பியிடம்தான் சொன்னாள், ஆனால் தறி நின்றிருந்ததால் பந்தலின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "அது சாமியும் இல்ல, பேயும் இல்ல. அம்மாவோட பயம். அதுக்குச் சோத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் நான் எழுந்துபோய் அவள் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று எனக்குத் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. சுகந்தி போன புதிதில் நான் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் மகள் எங்கேயாவது பிள்ளை குட்டியோடு நன்றாக இருந்தால் போதும், ஒரு தீபாவளிக்காவது வந்து வாசலில் நின்றால் போதும் என்று கலாமணியிடம் புலம்பியிருக்கிறேன். நான் சொன்னதைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நொடியில் என் மகளும் பேரனும் அந்தப் பல் டப்பாவோடு போனார்கள், அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பதினொரு வயசுப் பிள்ளைமேல் காட்டினேன். அவள் அழவில்லை. அடித்த கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே அம்மனைச் சோதிக்கிறாளே, குடும்பம் விளங்குமா என்று வாய்க்கு வந்தபடி பேசினோம். உள்ளே அவள் முந்தின நாள் பழையதில் மோர் ஊற்றிக் கரைத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தின்னாத, செத்துப் போவ சாமி, செத்துப் போவ, என்று நல்லபேச்சுக்காரி அத்தனை கொஞ்சலாகக் கெஞ்சினாள். உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவன் முதல் வாய் தின்றான். ஐந்து நாளாக எதுவுமே தின்னாத வயிறு, பாதியை வாந்தி எடுத்தான், மறுபடியும் தின்றான்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் சங்கவி பட்டறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, பலகையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டி அப்பன் கையில் வைத்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவள் சொன்னதை அவன் உதட்டில்தான் படித்தான், எதிரே நூல் சுற்றிக்கொண்டு நின்ற நானும் படித்தேன். அம்மா தெனமும் காதைப் பொத்திக்கறாங்கப்பா, வலிக்குதுன்னுதானே அர்த்தம். சென்னியப்பன் நாலு தறியையும் ஓடவிட்டபடியே இறங்கிப் போனான். யாரும் பார்க்காத தறிகளில் இழை அறுந்து அறுந்து, அன்றைக்கு நெய்த துணி முழுக்கத் தடமாகப் போனது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பொண்டாட்டியைப் போர்வையால் மூடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ஏழு வாரம் அங்கே வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்து காத்திருந்த கூட்டம் குறைந்து, எலுமிச்சம்பழங்கள் வாசலில் அழுகி, முதலாளி தகரத்தைப் பிரித்துக்கொண்டு போனார். கலாமணி திரும்பி வந்தபோது உடம்பு ஊதி, கை நடுங்கி, நடை தளர்ந்து, ஆளே வேறாக இருந்தாள். குரல்களில் முதலில் மூன்றாவது ஆள் போனார், ஐப்பசிக்குள் இருமல்காரரும் போனார், நல்லபேச்சுக்காரி மட்டும் எப்போதாவது வருவாள். சில மத்தியானங்களில் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். உன்னாலதான் தங்கம், எல்லாம் உன்னாலதான் என்பாள். கோட்டுக்கு முன்னாடியே அறுந்துருச்சு என்று சங்கவி பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்லுவாள், குரலை உயர்த்தமாட்டாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். ஒருநாள் அந்தப் பதிலைச் சொன்னபிறகு அவள் ரொம்ப நேரம் விசும்பியதும் கேட்டது. பதில் தெரிந்துவிட்டால் வலிக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

தீபாவளி வந்தது, போனது. சுகந்தி வரவில்லை. வெள்ளையடித்த வாசலில் நான் மட்டும் நின்றேன்.

லைனில் யாரும் கலாமணி வீட்டுக்குப் போவதில்லை. அம்மன் போய்விட்டாள், பைத்தியம்தான் மிச்சம் என்றார்கள். நானும் ஆறு மாதம் அந்தப் படி ஏறவில்லை, வெட்கம்தான் காரணம். மார்கழியில் ஒருநாள் கொள்ளுப்பருப்புக் கடைந்தபோது மனசு கேட்காமல் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனேன். கரண்ட் இல்லாத நேரம். சங்கவி தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், கலாமணி சுவரோரம், காதைப் பொத்தாமல், கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பேப்பரில் பாதியை யாரோ கிழித்திருந்தார்கள், வெளிச்சம் விழுந்தது. நான் படியிலேயே நின்றேன். அறைந்ததைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. இதுவரைக்கும் நாங்கள் கேட்காத குரல், துருப்பிடித்துக் கரகரப்பாக இருந்தது.

"உனக்குப் பல்லு எப்போடா முளைச்சுது?"

குகனின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது. அவன் வீட்டின் நாலு மூலையையும் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது, மறுபடியும் யாரோ புதிதாக வந்து குடியேறிவிட்டார்கள் என்று நினைத்திருப்பான், நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தையே, அதிலும் உதட்டையே, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் அசைஞ்சுதுடா," என்றாள். "அம்மாதான்."

சொல்லிவிட்டு அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஊரே அவளைப் பார்த்தபோது அழாதவள், நான் அறைந்தபோது அழாதவள், இப்போது தோள் குலுங்க அழுதாள். குகன் எழுந்துபோய் அம்மாவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினான். கலாமணி நடுங்குகிற விரலால் அந்தப் புதுப் பல்லைத் தொட்டாள்.

அப்போது மணி மூன்று. கரண்ட் வந்து முப்பத்திரண்டு தறியும் ஒன்றாகக் கிளம்பின, அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கலாமணியின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைகள் இரண்டும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து எனக்கும் தெளிவாகத் தெரிந்தது, படிக்க நினைத்தால் ஒரு சொல் விடாமல் படித்திருப்பேன். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.